கண் விலகிய பறவை

எங்கள் பக்கத்து ஆட்கள் கடலைப் பார்க்கப் போவதென்றால் அதற்கு ஒரு சாமி வேண்டும். திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று கோயிலுக்குப் போகிற சாக்கில் காலை நனைத்துவிட்டு வருவோம். சாமி காரியம் எதுவும் இல்லாமல், பழைய ஊர்களைப் பார்ப்பதற்கென்றே கைடு வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கடலோரம் சுற்றியவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். அதுவும் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு ஆர்டருக்காகப் போனேன்.

நல்லூரில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே தையல், மேலே செக்கிங்கும் பேக்கிங்கும், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு குடோன். நூல், சாயம், மெஷின் என்று வெளி வேலையெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். தைத்து முடித்த துணி அட்டைப்பெட்டிக்குள் போகும்வரை என் ராஜ்யம். பல வருஷம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துவிட்டு, போன வருஷம்தான் எங்கள் சொந்தப் பேரில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் செய்தோம்.

ஆர்டர் தருகிறவரை எங்கள் தொழிலில் பையர் என்போம். எங்கள் பையர் டென்மார்க் நாட்டு அம்மா ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். சின்ன அளவில் துணி வியாபாரம் செய்கிறார். டி-ஷர்ட்டில் வருகிற படங்களை யாரிடமும் கொடுக்காமல் அவரே கையால் வரைவார். முதல் ஆர்டருக்கு ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கடற்பறவையை வரைந்து அனுப்பியிருந்தார். அந்தச் சரக்கு கப்பல் ஏறிப் போய்விட்டது. ஆனால் அவருடைய நாட்டில் வரப்போகிற கோடைக்குத்தான் கடையில் தொங்கும்.

இரண்டாவது ஆர்டரை எங்களுக்கே கொடுப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்று முடிவு செய்ய அவர் நேரில் வந்திருந்தார். கிடைத்தால் எங்கள் பேர் நிலைக்கும். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஜாப் ஒர்க், மறுபடியும் இன்னொருத்தர் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பது. வீட்டுக்காரருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. பையர் அம்மா கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிகொடுக்காமல், தரங்கம்பாடி என்ற ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவர்கள் நாட்டுக்காரர்கள் நானூறு வருஷத்துக்கு முன்னால் வந்து கோட்டை கட்டிய ஊராம். பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து பார்க்க ஆசையாம். வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. என்னையும் காரையும் டிரைவரையும் அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் கையெழுத்து விஷயம் பேசலாம் என்று பேச்சு.

சனிக்கிழமை நாகப்பட்டினம் போய்த் தங்கினோம். ஞாயிறு காலை ஆறரைக்கு லாட்ஜ்காரர் ஏற்பாடு செய்த கைடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. மீன்பிடிக் குடும்பமாம். படகில் ஏறினாலே வாந்தி வருமாம், அதனால்தான் வரலாறு படித்தாராம். இதை அவரே இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். பையர் அம்மாவும் சிரித்தார். நாள் நன்றாகப் போகும் என்று அப்போது நினைத்தேன்.

நாகப்பட்டினத்தில் அவர் எங்களுக்குக் காட்டியது பெரும்பாலும் இல்லாதவற்றை. இங்கே சோழர் காலத்தில் கடல் கடந்த தேசத்து ராஜா ஒருவர் கட்டிய புத்த விகாரம் இருந்தது என்றார். அந்த இடத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர் நின்றது. இங்கே டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது என்றார். அங்கே மணல் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். இருக்கிற கட்டடமே எங்கள் ஊரில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை இடிகிறது, இதைப் பார்க்கவா இத்தனை தூரம் என்று. ஆனால் அந்த மனுஷன் வெறும் மணலைக் காட்டி அரை மணி நேரம் பேசினார், பையர் அம்மா கண் இமைக்காமல் கேட்டார். சரக்கு கையில் இல்லாமலே வியாபாரம் முடிக்கிற திறமை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நாகூரில் தர்காவைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. கைடு பேசிக்கொண்டே சட்டைப் பட்டன்களைக் கழற்றினார். உள்ளே வெள்ளை டி-ஷர்ட். அதில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவை.

ஒருவேளை வேறு பறவையோ என்று இன்னொருமுறை பார்த்தேன். சந்தேகமே இல்லை. பறவையின் கண், தலையில் இருக்க வேண்டியது, அலகுக்கு வெளியே ஒரு விரல்கடை தள்ளி வெறும் துணியில் கிடந்தது. பிரிண்டிங்கில் கடைசிக் கலர் அடிக்கும்போது துணி நகர்ந்துவிட்டால் இப்படி ஆகும். அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில், பிசகைக் காட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியவள் நான்தான்.

தள்ளிய பீஸை நாங்கள் செகண்ட்ஸ் என்போம். அதை எடுத்துப்போக வியாபாரிகள் இருக்கிறார்கள். கழுத்தில் இருக்கிற கம்பெனி லேபிளை வெட்டிவிட்டுக் கொடுத்தால் போதும், தமிழ்நாட்டு வாரச் சந்தைகளில் எல்லாம் குவித்துவைத்து விற்பார்கள். ஊரே செய்கிற காரியம் இது. லேபிள் போய்விட்டால் அந்தத் துணிக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை, யாரும் யாரையும் கேட்க முடியாது என்பது எங்கள் கணக்கு. ஆனால் இந்த அம்மாவின் படம் அவருடைய கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பீஸ்கூட வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவளும் நான்தான். ஐப்பசி மழையில் குடோன் தகரம் ஒழுகியது. நல்ல சரக்கை வைக்கவே இடமில்லை. லேபிளைத்தான் வெட்டியாச்சே என்று வியாபாரிக்குத் தள்ளிவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அது முந்நூறு கிலோமீட்டர் நடந்து வந்து, என் பையருக்குக் கைடாக நிற்கும் என்று யார் கண்டது.

பையர் அம்மா அப்போது கடலைப் பார்த்துக் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் கைடுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு நாகூர்க் கடற்கரையில் நான் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால், இந்த அம்மாளுக்கு வரலாற்றில் இவ்வளவு பிரியமா என்று நினைத்திருப்பார்கள்.

காரைக்காலில் டீ குடிக்க நிறுத்தியபோது கைடைத் தனியாகக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம். "ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. சட்டையக் கொஞ்சம் மேல வரைக்கும் பட்டன் போட்டுக்கறீங்களா? அந்தம்மா மரியாதையெல்லாம் ரொம்பப் பாக்கறவங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். "பனியன் புதுசுதாங்கக்கா. வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கன்னு சொன்னதும் எம் பொண்ணு சந்தையில தேடி எடுத்துக் குடுத்துச்சு" என்றார். பிறகு கழுத்துவரை எல்லாப் பட்டன்களையும் போட்டுக்கொண்டார். மணிக்கட்டுப் பட்டனைக்கூட விடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைவிடப் பெரிதாக நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. ஊருக்குள் நுழைய ஒரு வெள்ளை வாசல், அதைத் தாண்டி அகலமான அமைதியான தெரு, இரண்டு பக்கமும் சர்ச்சுகளும் பழைய பங்களாக்களும், தெரு முடிகிற இடத்தில் கடல், கடலைப் பார்த்தபடி கோட்டை. பையர் அம்மா சின்னப் பிள்ளையாகிவிட்டார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, கைடின் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள் இருக்கின்றன. சரக்கு வைத்த அறைகள் என்று கைடு சொன்னார். மிளகு மட்டுமில்லையாம், இந்தக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகத் துணியும் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் டென்மார்க் கம்பெனிக்காரர்கள் நெசவாளிகள் கொண்டுவந்த துணியை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள், அளவிலோ நெசவிலோ பிசகு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே செக்கிங் டேபிள் இருந்திருக்கிறது.

பையர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். திருப்பிக் கொடுத்த துணியை நெசவாளி என்ன செய்வார்?

கைடு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற யாருக்காச்சும் வித்திருப்பாங்க, மேடம். துணியைத் தின்ன முடியாதே" என்று இங்கிலீஷில் சொன்னார். பையர் அம்மா தலையை ஆட்டினார். நான் கூரையைப் பார்த்தேன். கூரை நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

அங்கிருந்து படியேறி மேல்தளத்துக்குப் போனோம். நிழல் இல்லாத திறந்த வெளி. கடற்காற்றுகூட அன்று அனலாக வந்தது. நான் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன், பையர் அம்மா தொப்பி வைத்திருந்தார். கைடு இரட்டைத் துணிக்குள், கழுத்துப் பட்டனோடு, தலையில் ஒன்றும் இல்லாமல் வெயிலில் நின்று கப்பல்கள் எங்கே நங்கூரம் போட்டன என்று கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை அப்படியே இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த டிரைவர் ஓடிவந்து அவரைத் தாங்கி நிழலுக்குக் கொண்டுபோனார். பையர் அம்மா தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். டிரைவர் காற்றுப்படட்டும் என்று கைடின் சட்டைப் பட்டனில் கை வைத்தார். நான் சொன்னேன், "அது வேண்டாங்க, விசிறினாப் போதும்."

இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. ஒரு மனுஷன் என் கண் முன்னால் வெயிலில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறான். என் புத்தி அவன் மார்புக்கு மேலே இருக்கிற மூன்று பட்டன்களில் இருந்தது. டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கோட்டை வாசலில் கொடுத்த வழிகாட்டிக் காகிதத்தை மடித்து விசிறினார். கைடு கண்ணைத் திறந்து முதல் வேலையாக என்னைப் பார்த்து, தானே கழுத்துப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். மரியாதைக் குறைவு வந்துவிடக்கூடாதாம்.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று பையர் அம்மா சொன்னார். கைடு கேட்கவில்லை. பூம்புகார் பாக்கி இருக்கிறது, பேசியபடி காட்டிவிடுகிறேன் என்றார். மோரும் சாப்பாடும் உள்ளே போனதும் தெளிந்துவிட்டார். காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் தையல் பிசகையும் கறையையும் கண்டுபிடித்துச் சம்பாதிக்கிறவள். பிசகு என்னிடம் இருந்தால் எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். இரண்டாவது ஆர்டரையும் நினைத்தேன். வீட்டுக்காரர் முகத்தையும் நினைத்தேன். பொய் சொல்லிக் கைடை இன்னும் ஒரு மணி நேரம் சட்டைக்குள் அடைத்துவைத்தால் சாயங்காலம் ஆகிவிடும், எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு முடியவில்லை.

பூம்புகாரில் கடலுக்கு எதிரே கல் பெஞ்சு ஒன்றில் நானும் பையர் அம்மாவும் உட்கார்ந்தோம். கடல் விழுங்கிய ஊரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எல்லோருக்கும் டீ வாங்கிவருவதாகக் கைடு போனார். நான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது ஷிப்மென்ட் இங்கிலீஷ். சரக்கு தாமதமானால் மன்னிப்புக் கேட்க அதில் அழகான வாக்கியங்கள் உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை. உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் சட்டைக்குள் உங்கள் பறவை இருக்கிறது. நான் தள்ளிய பீஸ். நான்தான் விற்றேன். கையெழுத்துப் போட்டும் விற்றேன். நான்தான் அவரை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

பையர் அம்மா கடலிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "நாகூரிலேயே பார்த்துவிட்டேன். நான் வரைந்த பறவை, எனக்குத் தெரியாதா? நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அந்த மனிதரை எவ்வளவு நேரம் வேர்க்க விடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

வெட்கத்தில் நான் குறுகியிருக்க வேண்டும். குறுகவும் செய்தேன். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆர்டர், வீட்டுக்காரர், கம்பெனி எதுவும் நினைவுக்கு வருவதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

"நீங்களும் பார்த்துக்கொண்டேதான் இருந்தீர்கள், மேடம்."

இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படி இங்கிலீஷில் பிசகில்லாமல் வந்ததோ தெரியாது. சொன்னதும் போச்சு என்று தெரிந்துவிட்டது. அவர் முகம் காதுவரை சிவந்தது. பிறகு எழுந்து, டீத் தம்ளர்களை ஏந்திக்கொண்டு மணலில் வந்துகொண்டிருந்த கைடை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

பையர் அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கைடுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். அதனால் நான் முழுக் கதையையும் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தம்மா மரியாதை பார்க்கிறவர் என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொல்லி, மன்னிச்சுக்கோங்க தம்பி என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தம்ளர்களைக் கூட வந்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு, சட்டையைத் திறந்து, முகவாயை மார்பில் இடித்துக்கொண்டு பறவையைப் பார்த்தார். "அட, ஆமா. கண்ணு வெளிய இருக்கு" என்றார். அவரும் கவனித்ததில்லை, அவர் மகளும் கவனித்ததில்லை.

பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இனிமே இதை நான் போடலாமாக்கா?"

அதற்குப் பதில் சொல்கிற பாத்தியதை எனக்கு இல்லை. பையர் அம்மாவிடம் கேள்வியை மொழிபெயர்த்தேன். போடலாம் என்று அவர் பலமாகத் தலையாட்டினார். கைடு கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். ஈரத் துணியில் காற்றுப் பட்டதும் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அப்படியே நின்று, பறவையோடு, கடல் கொண்டுபோன ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

ஊர் திரும்பினோம். வந்ததும் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் கையெழுத்து நடந்தது. ஆர்டர் எங்களுக்கே வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் புதிதாக இருந்தது. தள்ளுகிற பீஸ் ஒவ்வொன்றையும் யாரும் உடுத்த முடியாதபடி குறுக்கே கத்தரித்துவிட வேண்டும், என் கண் முன்னால். அந்த வரியைக் காட்டும்போது பையர் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல துணியை ஏன் வெட்ட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. சொன்ன வாக்கை மீறியவள் நான், வழக்குப் பேச என்ன இருக்கிறது.

இந்த வருஷப் படம் மீன். போன வாரம் முதல் குவியல் செக்கிங் டேபிளுக்கு வந்தது. ஒரு பீஸில் மீனின் வால் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மற்றபடி நல்ல துணி, நல்ல தையல், பத்து வருஷம் உழைக்கும். செக்கிங் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கத்தரியை நானே எடுத்து மார்புக்குக் குறுக்கே வெட்டினேன். முன்பெல்லாம் செகண்ட்ஸைத் தள்ளும்போது அதை யார் போடுவார்கள் என்று நினைத்ததே கிடையாது. இப்போது அந்த ஆளை எனக்குத் தெரியும்.